ஒற்றைச் சிலிண்டர்

மகன் பழைய ரேஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து, பேர்ணில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நிலவறையில் நிறுத்தினான். நீல நிறம். முன்விளக்கு இல்லை, இலக்கத் தகடு இல்லை, பக்கக் கண்ணாடியும் இல்லை. பக்கவாட்டில் டி, எம் என்று இரண்டு எழுத்துகள். விலையைக் கேட்ட மனைவி இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. 24 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் இருந்தது 'கவனம்' என்ற ஒரு சொல்தான். அதையும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனேன். கார்பரேட்டரைக் கழற்றித் துணியில் பரப்பி வைத்திருந்தான். தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினான். மண்ணில் ஓடுகிறவனா, தாரில் ஓடுகிறவனா, ஆர் கெட்டிக்காரன் என்று பார்க்க 1979இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட்டில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக நடந்த போட்டியில் தொடங்கியதாம் இந்த விளையாட்டு. அங்கே சில வருடங்களில் ஓய்ந்துபோக, ஐரோப்பா பிடித்துக்கொண்டது. மண்ணில் பாயும் மோட்டோகுரோஸ் வண்டிக்கு 17 அங்குலச் சில்லும், வழுவழுப்பான டயரும், பெரிய முன் பிரேக்கும் பூட்டினால் அது சூப்பர்மோட்டோ. ஒரே சிலிண்டர், 450 சிசி, எடை 110 கிலோ அளவில்தான். வளைவு வரும்போது பின்சில்லைச் சறுக்கவிட்டுக் குறுக்காகவே உள்ளே நுழைவார்கள்.

"டி, எம் எண்டால் என்ன?"

"தோமஸ், மிர்கோ. ரெண்டு அப்பாமார் தங்கட மகன்மாரின்ர பேரை வச்சது."

இத்தாலியின் அத்ரியாத்திக் கரையில் உள்ள பேசரோ நகரில், 1970களில் கிளவ்டியோ பிளெங்கி, பிரான்செஸ்கோ பத்திஸ்தெல்லி என்ற இருவர் தொடங்கிய சிறிய தொழிற்சாலை அது. அந்த ஊருக்கு இது புதிதுமல்ல. 1911இல் தெரேசா பெனெல்லி என்ற விதவைத் தாய் தன் ஆறு ஆண்பிள்ளைகளும் பிழைக்கட்டும் என்று போட்டுக்கொடுத்த திருத்துமிடம்தான் பிறகு பெனெல்லி மோட்டார் சைக்கிளாக வளர்ந்தது. பெரிய கொம்பனிகளோடு மோதி, பிரெஞ்சுக்காரர் தோமா ஷாரேர் பலமுறை உலக சாம்பியனானது டிஎம்மில்தான்.

பிள்ளையின் பெயரை ரேஸ் வண்டிக்கு வைத்த தகப்பன்மாருக்குப் பயம் இருந்திருக்காதா?

யோசித்தபடியே ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊதினேன். கை தானாகச் செய்தது.

"உங்களுக்கு இது தெரியுமோ?" என்றான்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் எங்கள் 90 சிசி மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அதுவும் ஒற்றைச் சிலிண்டர். சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். புகை கண்ணை எரிக்கும். அழுக்கு எண்ணெயில் ஜெட் அடைத்துக்கொள்ளும். நடுத்தெருவில் கழற்றி ஊதவேண்டும். ஓர் இரவு, நெஞ்சு நோவென்ற ஐயாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகையில் அடைத்தது. இருட்டில் தடவிக் கழற்றிப் பூட்ட 15 நிமிடம். ஐயா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதறாதை, ஆறுதலாச் செய்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவரிடம் பேச்சில்லை.

அந்த 15 நிமிடத்தை மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. அன்று மகனிடம் சொன்னேன். அவன் அப்பப்பாவைப் படத்தில் மட்டும் கண்டவன். ஸ்குரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்களே பூட்டுங்கோ அப்பா" என்று கார்பரேட்டரை என் பக்கம் தள்ளினான்.

அடுத்த மாதம் மிலானோவுக்குத் தெற்கே ஒத்தொபியானோவில் அவன் ஓட, நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் பின்சில்லு விலக, வயிறு கலங்கியது. ஆனாலும் காது சத்தத்திலேயே இருந்தது. ஒரு இடத்திலும் இருமவில்லை.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் கேட்டான்: "ஜெட் சரியோ?"

"சத்தம் சுத்தமாயிருக்கு," என்றேன். பழக்கதோஷம், 'கவனம்' என்பதும் கூடவே வந்துவிட்டது. சிரித்தான்.