தாயும் உறங்கட்டும்

தால் என்பது நாக்கு. நாவை அசைத்து ஒலியெழுப்பிக் குழந்தையைத் துயிலச் செய்வதால் தாலாட்டு என்னும் பெயர் அமைந்தது என்பர் தமிழறிஞர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாக நிற்பதும் தாலப் பருவமே. குழந்தையின் உறக்கத்திற்கு இலக்கியத்தில் தனி இடம் அளித்த மொழி நம்முடையது. ஆனால் தாலாட்டுப் பாடுகிறவளின் உறக்கத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்தது குறைவே.

ஓசூர்ப் பகுதியில் தாலாட்டு ஒரே மொழியில் ஒலிப்பதில்லை. தெலுங்கில் அது ஜோல; கன்னடத்தில் ஜோகுள. ஒரு வீட்டில் 'ஆராரோ' என்றால் அடுத்த வீட்டில் 'ஜோ ஜோ' என்று கேட்கும். சேலைத் தொட்டிலுக்கும் தூளி, ஏணை, தூரி என்று ஊருக்கொரு பெயர் உண்டு. தாயின் பழஞ்சேலை, உத்தரத்தில் ஒரு வளையம், ஆட்டுவதற்கு ஒரு கை: இவ்வளவே அதற்கு வேண்டியவை. அந்தக் கை எப்போதும் தாயின் கையாகவே இருந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டி ஆட்டினாள், அத்தை ஆட்டினாள், பள்ளி விட்டு வந்த அக்காள் ஒரு கையில் பாடநூலும் மறுகையில் தூளிக் கயிறுமாக அமர்ந்தாள். அவ்வேளையில் தாய் சற்றே கண்ணயர்ந்தாள்.

1970-களில் சிப்காட் தொழில் வளாகம் வந்தபின் இவ்வூரின் வாழ்க்கை மாறியது. தொலைவிலிருந்து பிழைப்புத் தேடி வரும் இளந்தம்பதியர் உறவையும் சுற்றத்தையும் ஊரில் விட்டுவிட்டே வருகின்றனர். இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது நாம் காண்பது வரிசை வீடுகளையே. ஓர் அறை, ஒரு சமையலிடம். இரவு ஷிப்டு முடித்து வந்த கணவர் பகலில் உறங்க வேண்டும். குழந்தையின் அழுகை அவரை எழுப்பிவிடுமே என்று தாய் அதைத் தோளில் சாய்த்தபடி வாசலில் நடக்கிறாள். இரவிலும் விழிப்பவள் அவளே. "மூணு மாசமா ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கல, சாமி" என்று அவள் சொல்லும்போது அதில் முறையீடு இல்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொல்கிறாள். நம்மை வருத்துவது அதுதான்.

தாய்மை என்றால் களைப்புத்தானே என்று நாம் கடந்துபோகிறோம். தாயிடம் அமைதியாய் இருக்கும் குழந்தையை இறை நம்பிக்கைக்கு உவமையாக்குகிறது 131-ஆம் திருப்பாடல். அந்தக் குழந்தையை அமைதிப்படுத்த அத்தாய் எத்தனை இரவுகள் விழித்தாளோ!

முதலில் ஒன்றைத் தெளிவோம். இரவில் விழிக்கும் குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. பிறந்து மூன்று மாதம் வரை குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். ஆனால் துண்டு துண்டாகவே உறங்கும். அதன் வயிறு சிறியது. பால் விரைவில் செரித்துவிடும். பகல் இரவு என்னும் வேறுபாடு உடலில் படிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டி, இரவில் மங்கிய விளக்கும் தாழ்ந்த குரலுமாக இருந்தால் அது விரைவில் பழகும். நாள்தோறும் ஒரே வரிசையில் உடை மாற்றி, பாலூட்டி, பாடிக் கிடத்துவதும் உதவும்.

அழும் குழந்தையை உறங்க வைக்கும் முறையை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த குமி குரோடா என்னும் அறிஞரின் குழுவினர் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். வெறுமனே மடியில் வைத்திருப்பதைவிடத் தூக்கிக்கொண்டு நடப்பது அழுகையை நன்கு தணித்தது. ஐந்து நிமிடம் நடந்ததும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி உறங்கிவிட்டன. ஆனால் உடனே கிடத்தியபோது பல விழித்துக்கொண்டன. தாயின் உடலைவிட்டுப் பிரியும் கணத்திலேயே அவற்றின் இதயத்துடிப்பு மாறியது. ஆகவே ஐந்து நிமிடம் நடந்து, குழந்தை உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் அமர்ந்திருந்து, அதன்பின் கிடத்துமாறு அவர்கள் கூறினர். ஆடும் தொட்டிலும் அழுகையைக் குறைத்தது என்று அவர்கள் கண்டது நம் பாட்டிமாருக்குப் புதிய செய்தி அன்று.

எனினும் சில எச்சரிக்கைகள் உள. தூளியில் கழுத்து வளைந்து முகவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சு தடைப்படலாம். ஆகவே உறங்கியதும் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே நலம். ஓசூரின் குளிருக்கு அஞ்சித் தலையணைகளையும் தடித்த போர்வைகளையும் குழந்தையைச் சுற்றி அடுக்கலாகாது. வளர்ந்த பிள்ளைகள் தூளியில் தனியே விளையாட விடலாகாது. துணி கழுத்தில் முறுக்கிக்கொள்ளும். மருத்துவர் சொல்லாமல் சளி மருந்தை உறக்கத்திற்காகப் புகட்டுவது பெருங்கேடு. எல்லாவற்றிற்கும் மேலாக, கண் செருகும் தாய் குழந்தையுடன் நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்கிவிடுவது ஆபத்தானது. ஆகையால் தாயின் களைப்பைப் போக்குவது குழந்தையின் பாதுகாப்புக்கும் உரிய கடமையாகும்.

அக்கடமை யாருடையது? பேறுகால விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் சிறு நிறுவனங்கள் நீங்கலாக ஏனையவற்றில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம் என்றும் விதிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் அத்திருத்தம் தந்தைக்கு விடுப்பு எதையும் அளிக்கவில்லை. நாமும் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. பாலூட்டுவது ஒன்று நீங்கலாக மற்ற அனைத்தும் தந்தையின் கைக்கும் வரும். ஐந்து நிமிட நடைக்கு ஆண் தோள் போதாதா? முன்னிரவில் நான்கு மணி நேரம் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தொடர்ந்து உறங்கலாம். ஷிப்டு மாறும் வாரத்தில் முறையையும் மாற்றிக்கொள்ளலாம்.

கணவர் ஆலையில் இருக்கும் வேளைக்கு அண்டை வீடு உண்டு. வரிசை வீட்டில் சுவர் ஒன்றுதான் இடைவெளி. அழுகை நமக்கும் கேட்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் கதவைத் தட்டி, "குழந்தையைக் கொடு, நீ போய்ப் படு" என்று சொல்ல ஓர் அக்காள் வேண்டும். அவர் எந்த மொழியில் தாலாட்டினாலும் குழந்தை உறங்கும்.