நெடுந்தீவுக் கடலில் ஒரு பொறி

பண்ணைத் தாம்போதியையும் வாணர் தாம்போதியையும் கடந்து வரும் தெரு, புங்குடுதீவின் மேற்குக் கரையிலே குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோருக்குக் கடலே தெரு. நயினாதீவு கண்ணெதிரே தோன்றும். நெடுந்தீவோ தென்மேற்கே ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல்வழி. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயங்களின் இடிபாடுகள், பவளக்கல் அடுக்கிய வேலிகள், பருத்த பெருக்கமரம், கட்டாக்காலிக் குதிரைகள் ஆகியவற்றைக் காண நாம் நால்வர் புறப்பட்டோம்.

பயணிகளை ஏற்றும் பெரிய படகுகள் டீசலால் இயங்குவன. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே டீசலைப் பற்றவைக்கும், தீப்பொறி வேண்டியதில்லை. நாம் அமர்த்தியதோ ஒரு மீன்பிடி வள்ளம். அதன் பின்னணியத்தில் பூட்டிய பெற்றோல் மோட்டாருக்குப் பொறியே உயிர்.

பாதி வழியில், சோழகம் சற்றே உரத்து வீசுகையில், விளக்கை அணைத்தாற்போல் மோட்டார் நின்றது. வள்ளம் அலைக்குப் பக்கம் காட்டி உருளத் தொடங்கியது. எம்முடன் வந்த மாணவனின் முகம் வெளிறியது. படகோட்டியார் முதலில் மோட்டாரைத் தொடவில்லை; நங்கூரத்தை இறக்கினார்.

"நங்கூரம் பிடிச்சிட்டுது தம்பி, இனி ஆறுதலாப் பாப்பம்" என்றார்.

திக்கித் திணறி நின்றால் எண்ணெயில் குறை. சட்டென நின்றால் பொறியில் குறை என்பது அவர் விதி. ஆயினும் அவர் ஊகத்தோடு அமையவில்லை. நிறுத்தும் ஆளியின் பாதுகாப்புக் கயிறு கழன்றதோ எனப் பார்த்தார், கழலவில்லை. எரிபொருட் குழாயின் இறப்பர்க் குமிழை அமுக்கினார், விறைப்பாகவே இருந்தது. இரு பிளக்குகளையும் கழற்றினார். அவை பெற்றோலில் நனைந்திருந்தன. எரிபொருள் வந்தும் எரியவில்லை என்பது புலனாயிற்று.

கழற்றியவற்றை மீண்டும் பூட்டித் துவாரங்களை மூடினார். வெளிவரும் ஆவி தீப்பற்றக்கூடும் அல்லவா? பின்பு புதிய பிளக் ஒன்றைத் தொப்பியில் மாட்டி, அதன் உடலை மோட்டாரின் உலோகத்தோடு பொருத்தி, இயக்குங் கயிற்றை இழுக்கச் செய்தார். பொறி இல்லை. மற்றத் தொப்பியிலும் இல்லை. இரண்டும் ஒருங்கே ஓய்ந்தமையால், இரண்டுக்கும் பொதுவான இடத்திலேயே குறை இருத்தல் வேண்டும்.

பறப்புச் சில்லில் பதித்த காந்தங்கள் சுழல, கம்பிச் சுருளில் மின் பிறக்கின்றது. அது பல்லாயிரம் உவோற்றாக உயர்ந்து, பிளக்கின் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் இடைவெளியைத் தாவுகையில் பொறி எழும். மோட்டாரை நிறுத்தும் ஆளி, அம்மின்னை மோட்டாரின் உடலுக்குத் திருப்பிவிடுகின்றது. ஆளிக்குள் உப்புநீர் புகுந்தால், ஒருவரும் தொடாமலே அது தன் வேலையைச் செய்துவிடும்.

படகோட்டியார் ஆளியின் கம்பியிணைப்பைக் கழற்றிவிட்டு, மீண்டும் கயிற்றை இழுக்கச் செய்தார். நீலப்பொறி 'டிக்' எனப் பாய்ந்தது! உப்புப் பூத்த ஆளியையும் இணைப்பையும் குடிநீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடியும் பூட்டினார்.

"கழட்டி விட்டபடியே ஓடலாம்தானே ஐயா?" என்றான் மாணவன்.

"ஓடலாம். ஆனா ஆராவது கடலுக்கை விழுந்தா உடனை நிப்பாட்டேலாது."

இரண்டாம் இழுப்பில் மோட்டார் முழங்கியது.

நெடுந்தீவின் கல்வேலிகளும் குதிரைகளும் கண்ணுக்கு விருந்தாயின. ஆயினும் தீவாரின் வாழ்வை அவற்றினும் தெளிவாகக் காட்டியது அக்கடல்வழியே. நள்ளிரவில் நோயாளியைக் கரைசேர்க்க வேண்டியவர்களுக்கு, ஒரு துளி உப்புநீர் எத்துணைப் பெரிய பகை! மாற்றுப் பிளக், அதைக் கழற்றும் சாவி, உலர்ந்த துணி, ஒரு போத்தல் நன்னீர், உறுதியான நங்கூரம் இவையின்றி அங்கே வள்ளம் ஏறுதல் தகாது.