மீண்டும் மாணாக்கராய்

"அப்பா, உங்கட பெறுபேற்றுத் தாளிலை ஆர் கையொப்பம் வைக்கிறது? அப்பாச்சியோ?" என்று எமது இளைய மகள் கேட்டபோது வீட்டிலிருந்த யாவரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம். ஆயினும் அந்நகைப்பு முழுமனத்தோடு கூடியதென்று சொல்வதற்கில்லை. பதினெட்டு ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னே நின்று, பிறருடைய விடைத்தாள்களிற் சிவப்பு மையால் கோடிட்ட ஒருவர், நாற்பத்திரண்டாம் வயதிலே தம் விடைத்தாளிலும் அக்கோடுகளைக் காண நேர்வது நாணந் தரும் காரியமே.

நாம் கற்பித்தல் தேசிய டிப்ளோமா பெற்ற ஆசிரியர். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்படி இந்நாட்டில் இயங்கும் கல்வியியற் கல்லூரிகளில், ஈராண்டு விடுதியிலிருந்து கற்று, மூன்றாமாண்டு ஒரு பாடசாலையிற் கட்டுறுபயில்வை முடித்தால் அந்த டிப்ளோமா கிட்டும். துப்பாக்கிச் சத்தம் சற்றே ஓய்ந்திருந்த 2002இல் வவுனியாவிலே அதிற் சேர்ந்தோம். ஆனால், மூன்றாண்டு முயன்று பெற்றதாயினும் டிப்ளோமா டிப்ளோமாவே, அது பட்டமாகாது. ஆசிரியர் ஓய்வறையில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை; எனினும் கூட்டங்களிற் பெயர் வாசிக்கும் ஒழுங்கிலும் சம்பளத் தாளிலும் அது தெரியும்.

டிப்ளோமா ஆசிரியர் கல்விமாணி ஆவதற்கு வழிகள் உள்ளன. மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் இருக்கின்றது. 1980இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. நாம் சேர்ந்தது எதுவென்பது இக்கட்டுரைக்கு வேண்டியதன்று. இங்கிலாந்திலும் இதே கதை நடந்ததுதான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் பட்டம் வேண்டுமென்று ரொபின்ஸ் குழு 1963இல் பரிந்துரைத்தது. அதன் பின்னர், சான்றிதழோடு நின்ற ஆசிரியர் பலர் அங்கும் மீண்டும் புத்தகம் தூக்கினர். துணைக்கு ஆளுண்டு என்று நாம் எம்மைத் தேற்றிக்கொண்டோம்.

கட்டணத்துக்காக இல்லாளின் காப்பு இரண்டும் வங்கிக்குப் போயின. விடுமுறை கேட்கச் சென்ற ஓர் அலுவலகத்தில், "இந்த வயதிலை உங்களுக்கு ஏன் சேர் இது?" என்று ஒருவர் வினவினார். விடை சொல்ல எமக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் விடியுமுன் பஸ் ஏறுவோம். மன்னார் நகரத்துக் கழுதைகள் மட்டுமே அப்பொழுது வீதியில் விழித்திருக்கும். 1990இல் தகர்க்கப்பட்டு 2010இற் புதிதாகத் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து பெருநிலம் சேர்ந்தால், வவுனியா வரைக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உறங்கலாம். ஒரு சிவராத்திரியன்று, பாலாவித் தீர்த்தத்தைச் சுமந்து அடியார் வரிசையாய்ச் செல்லத் திருக்கேதீச்சர மண்டபத்தின் ஓரமாய் அமர்ந்து ஒப்படை ஒன்றை எழுதி முடித்தோம். எப்படியும் கண் விழிக்க வேண்டிய இரவு! அம்மையார் மட்டும் அதனை அபசாரமென்று இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவையெல்லாம் தாங்கக் கூடியவையே. தாங்க முடியாமற் போனது கற்பித்தற் பயிற்சி. பதினெட்டு ஆண்டு படிப்பித்தவர் மீண்டும் பாடக்குறிப்பு எழுதி, எம்மினும் பத்து வயது இளையவரான ஒரு விரிவுரையாளர் வந்து பார்க்கப் பாடம் நடத்துதல் வேண்டும்! பத்தாம் தரத்துப் புவியியல் வகுப்பு. பருவக்காற்றுகள் பாடம். படம் கீறி, வினாக் கேட்டு, விடை வாங்கி, மணி அடிக்கச் சரியாய் முடித்தோம். நன்றாகவே செய்தோமென்று எண்ணினோம்.

கடைசி வாங்கில் இருந்த அந்த அம்மையார் ஒரு தாளை எமது கையிற் கொடுத்தார். வகுப்பின் வரைபடம் அது. முப்பத்துநான்கு சிறு கட்டங்கள். நாம் யாரிடம் வினாக் கேட்டோமோ அவருடைய கட்டத்திற் புள்ளிகள். புள்ளி விழுந்த கட்டங்கள் ஒன்பது. எல்லாம் முன்னிரண்டு வரிசையில். அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வகுப்பறைப் பேச்சை மூன்று விநாடிக்கு ஒருமுறை குறித்து ஆராய்ந்த பிளாண்டர்சின் முறையை நாம் டிப்ளோமாப் பரீட்சையிலேயே எழுதி நல்ல புள்ளி பெற்றவர். 1970களில் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர் வினாக் கேட்டபின் ஏறக்குறைய ஒரு விநாடியே காத்திருக்கிறாரென்றும், மூன்று விநாடி பொறுத்தால் மாணவர் விடை நீள்கிறதென்றும், வாய் திறவாதவரும் பேசுகின்றனரென்றும் கண்டார். இதுவும் எமக்கு மனப்பாடம். எழுதினோம், செய்யவில்லை.

மறுநாள் நான்காம் வரிசையில் இருந்த ஒரு பையனிடம் கேட்டோம். பாடவேளைகளில் உறங்குபவன் என்று எமது மனத்திற் பதிந்திருந்தவன். "தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது எமது தீவில் என்ன மாற்றம்?" ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினோம். மூன்று விநாடி அத்துணை நெடிதென்று அன்றுதான் அறிந்தோம். முன்வரிசைக் கைகள் உயர்ந்தன, பார்க்காதது போலிருந்தோம்.

"சோளகம் தொடங்கினா தெற்குக் கடல் பேயாடும் சேர். வாடியைப் பிரிச்சு வடக்குக் கரைக்குப் போவம். வாடைக்குத் திரும்பி வருவம்."

பாடப்புத்தகத்திலே அம்புக்குறிகளாய் இருந்த காற்று, மன்னார் வளைகுடாவிலிருந்து பாக்குநீரிணைப் பக்கம் படகுகளைத் துரத்திற்று. வகுப்பு திரும்பி அவனைப் பார்த்தது. அவன் இரவில் வலை இழுக்கத் தந்தையோடு போகிறவன் என்பதை நாம் அப்பொழுதுதான் கேட்டறிந்தோம். ஓராண்டாய் எமது வகுப்பில் இருந்த பிள்ளை!

எமது செயல்நிலை ஆய்வுக்கு அதனையே பொருளாய்க் கொண்டோம். காற்று மாறும் மாதங்களின் வரவுப் பதிவேட்டைப் புரட்டினால், பெயர்களுக்கு எதிரே வெற்றிடங்கள் கூட்டங் கூட்டமாய் விழுந்திருந்தன. அவ்வாய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. சென்ற ஆண்டு பட்டமும் கிடைத்தது. காப்பில் ஒன்று வீடு திரும்பியது.

பையன்? அடுத்த சோளகத்தில் அவன் வரவு நின்றது. வடகரை வாடிக்குத் தேடிப் போனோம். தந்தை மரியாதையாய்ப் பாய் விரித்து, பிளேன்ரீ தந்து, "ஒரு ஆள் குறைஞ்சா வலை வராது சேர்" என்றார். கல்விமாணிப் பாடநூல்களில் அதற்கு விடை இல்லை. வாடையோடு அவன் திரும்பி வந்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதினான். புவியியலிற் சித்தியடைந்தான், கணிதத்தில் இல்லை. இப்பொழுது கடலில் இருக்கிறான். கணிதத்தை மறுபடி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். "காத்து மாறட்டும் சேர்" என்கிறான்.

கட்டங்கள் கீறிய தாளொன்று இன்றும் எமது மேசையில் உண்டு. புள்ளியிடும் வேலை வகுப்புத் தலைவியுடையது. சென்ற கிழமை எண்ணினோம். முப்பத்துநால்வரில் இருபத்திருவர்.