எரு வேண்டாத கிடை

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் மண்ணியல் மேற்படிப்புக்காக நெதர்லாந்து போனாள். அங்கே வாகனிங்கன் என்ற சிறு நகரத்தில் பெயர்பெற்ற வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. விமானச் செலவுக்கும் முதல் சில மாதச் சாப்பாட்டுக்கும் அவளுடைய அப்பா 60 ஆடுகளை விற்றார்.

அவர் கீதாரி. தை அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போவார். பகலில் தரிசிலும் புறம்போக்கிலும் மேய்ச்சல். இரவில் யாராவது ஒரு விவசாயியின் வயலில் கிடை. மழைக்காலத்துக்குள் ஊர் திரும்பிவிடுவார். ஆனால், ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று வகுப்புத் தோழர்கள் கேட்டபோது அவள் ‘விவசாயம்’ என்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்திலேயே ‘ஆட்டுக்காரன் மகள்’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பதில் அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை, தோழர்கள் ஆறு பேருடன் சைக்கிளில் கிளம்பினாள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் ஏடே என்ற ஊரைத் தாண்டி, கிங்கெல் வெளி என்ற இடம் வந்தது. மரங்கள் குறைந்த பரந்த மேட்டு நிலம். ஹெதர் என்ற முழங்கால் உயரப் புதர்ச்செடி கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. அதைப் பார்க்கத்தான் விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

பூவுக்கு நடுவே ஒரு செம்மறி மந்தை வந்தது. கொம்பில்லாத, நீளமான வாலுள்ள அந்தப் பகுதிக்கே உரிய இனம். பின்னால் கோலுடன் ஒரு மேய்ப்பர், கூடவே நாய். எல்லோரும் படம் எடுத்தார்கள். அவள் மட்டும் படம் எடுக்கவில்லை. மந்தையின் கடைசியில் ஒரு ஆடு முன்னங்காலை ஊன்றாமல் வருவதைப் பார்த்துவிட்டாள். அருகில் போய், ‘அந்த ஆட்டின் குளம்பைப் பாருங்கள்’ என்று மேய்ப்பரிடம் சொன்னாள்.

அவர் ஆட்டைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். குளம்பு வளர்ந்து உள்பக்கம் மடங்கியிருந்தது. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துச் சீவிவிட்டார். ‘இவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று கேட்டார்.

‘என் அப்பா ஆடு மேய்ப்பவர்’ என்றாள். தோழர்கள் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளிநாடு வந்தபின் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு மேய்ப்பர் அவர்களைப் பட்டிக்கு அழைத்துப் போய் அந்த மண்ணின் கதையைச் சொன்னார். அந்தப் பகுதி முழுவதும் வளமில்லாத மணல். ரசாயன உரம் வருவதற்கு முன், அங்கே ஆடு வளர்த்ததில் எரு பெரிய காரணம். பகலில் ஆடுகள் புதர்வெளியில் மேயும். இரவில் கொட்டகையில் அடையும். புதர்வெளியின் மேல்மண்ணைச் செடி வேரோடு பாளம் பாளமாக வெட்டிவந்து கொட்டகையில் பரப்புவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அதில் ஊறும். மேலே இன்னொரு அடுக்கு. கடைசியில் மொத்தத்தையும் வயலுக்கு அள்ளிப்போவார்கள். நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் போட்டதால் சில வயல்களில் கறுப்பு மண் அரை மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. அந்த மண்ணுக்கு மண்ணியலில் ‘பிளாகன்’ என்று தனிப்பெயரே உண்டு. அவள் அதைப் பாடத்தில் படித்திருந்தாள்.

வயல் உயர்ந்த அதே காலத்தில் புதர்வெளி தேய்ந்தது. ஒரு ஏக்கர் வயலுக்கு உரம் சேர்க்கப் பல ஏக்கர் வெளி தேவைப்பட்டது. அளவுக்கு மீறி வெட்டியும் மேய்த்தும் வந்ததில் பல இடங்களில் மூடுசெடி போய், மணல் காற்றில் பறந்து வயல்களை மூடியது. அதைத் தடுக்கப் பின்னாளில் பைன் மரங்களை நட்டார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ரசாயன உரம் வந்தது. வெளிநாட்டுக் கம்பளியும் மலிவாக வந்தது. ஆட்டு மந்தைகள் அருகிப்போயின.

இப்போது நிலைமை தலைகீழ். அந்தச் சின்ன நாட்டில் மாடும் பன்றியும் கோழியும் நெருக்கமாக வளர்க்கப்படுகின்றன. அவற்றின் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் கிளம்பும் அமோனியா காற்றில் போய்ப் புதர்வெளியில் இறங்குகிறது. வாகனப் புகையும் சேர்கிறது. தழைச்சத்து கூடினால் புல் ஓங்கி, ஹெதரை அமுக்கிவிடும். 2019-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒன்று தழைச்சத்து விஷயத்தில் அரசின் திட்டத்தைச் செல்லாது என்றது. அதன் விளைவுகளை எதிர்த்து விவசாயிகள் டிராக்டர்களில் ஹேக் நகரத்துக்குப் போய்ப் போராடினார்கள்.

அதனால்தான் மறுபடியும் ஆடு. புல்லை மேய வேண்டும்; ஆனால் எருவை அங்கே அதிகம் விட்டுவிடக் கூடாது. ராத்திரி பட்டிக்குத் திரும்பிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவுக்கு போன் செய்தாள். ஊரில் இரவு எட்டு மணி. ஊரணிக் கரையில் பட்டி அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

‘அங்கே ஒரு ராத்திரி கிடைக்கு என்ன குடுக்குறாங்க ஆத்தா?’

‘கிடையே இல்லப்பா. எரு வேண்டாம்னுதான் ஆடு வச்சிருக்காங்க.’

அவர் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘எரு வேண்டாத மண்ணும் இருக்கா?’ என்றார்.

அவள் விளக்கினாள். ஆடு சத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் மேய்ந்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. மேய்கிற நிலம் இல்லாவிட்டால் கிடை போடுகிற நிலத்துக்கும் ஒன்றும் இல்லை. இதைக் கேட்டதும் அவர், ‘இதத்தான நானும் சொல்லிக்கிட்டிருக்கேன். மேச்சக் காடெல்லாம் பிளாட் ஆயிருச்சு, கருவேலம் மூடிருச்சு. கிடை போடக் கூப்புடுறவுகளுக்கு அது தெரிய மாட்டேங்குது’ என்றார். மிச்ச ஆடுகளையும் தள்ளிவிடலாமா என்று சித்திரையிலிருந்தே யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அதை அவளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது நம் பழமொழி. ஆட்டு எருவில் ஏறக்குறைய 3 சதவிகிதம் தழைச்சத்தும், 1 சதவிகிதம் மணிச்சத்தும், 2 சதவிகிதம் சாம்பல்சத்தும் உண்டு. சாதாரண தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவிகிதம்தான். கிடையில் மூத்திரமும் சேர்ந்து மண்ணில் இறங்குவது கூடுதல் லாபம். ஆனால் கிடை எழுந்த வயலை அப்படியே வெயிலில் காயவிட்டால், நெதர்லாந்தில் காற்றில் போகிற அதே அமோனியாதான் இங்கேயும் போகும். கிடை எழுந்த கையோடு மேலாக ஓர் உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட வேண்டும். கிடைக்குக் கொடுத்த காசு அப்போதுதான் பயிருக்குப் போய்ச் சேரும். ஊர்ப் பொதுவில் மேய்ச்சல் தரை மிச்சம் இருந்தால் அதையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வயலின் உரம் அங்கேதான் முளைக்கிறது.

ஆடுகளை விற்பது பற்றி அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. போனை வைப்பதற்கு முன் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

‘குளம்பு சீவுன அந்த ஆடு, திரும்பிப் போறப்ப காலை ஊனி நடந்துச்சா?’

‘நடந்துச்சுப்பா.’

‘அப்ப சரி’ என்றார்.