மூக்கோடு மூக்கு

கண்ணின் உட்புறத்தைப் பார்க்கப் பழகுவதென்றால், நோயாளியின் மூக்கில் எங்கள் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போகவேண்டும். நான் பயிற்சி வைத்தியராக வாட்டில் நின்றது 2021 இல். ஒரு மீற்றர் தள்ளி நில் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் சேர் மட்டும், "கிட்டப் போ பிள்ளை, இன்னும் கிட்ட" என்றார்.

அரியாலைக்கும் பாசையூருக்கும் நடுவில் கிடக்கிற கொழும்புத்துறை எனக்குச் சொந்த ஊர். 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையோடு யாழ்ப்பாணத்தில் கொரோனா கால் வைத்தது. ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி எங்கள் கரைப்பக்கத்தையும் கலக்கியது. தெருவில் மறிக்கிற சனமெல்லாம் சுவாசப்பையைப் பற்றித்தான் கேட்கும். மூச்சு முட்டுதோ, ஒக்சிசன் எத்தனை? வாட்டிலும் விரலில் மாட்டுகிற மீற்றர் 97 காட்டினால் எங்களுக்கு ஒரு நிம்மதி. அதே 97 உடன் ஒருவருக்குத் தலைக்குள் குருதி கட்டிபட்டுக்கொண்டிருக்கலாம் என்பது எனக்குப் புதுப்பாடம்.

நாங்கள் படித்ததெல்லாம் நாடிகள். பாரிசவாதம் என்றால் மூளைக்குப் போகிற நாடி அடைபட்டது அல்லது வெடித்தது, அவ்வளவுதான். போன குருதி திரும்பி வரவும் வேண்டுமே என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவருகிற நாளங்களால் வருவது பாரிசவாதங்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. மண்டையோட்டின் உட்பக்கத்தில், நெற்றியிலிருந்து பிடரிவரை, நாங்கள் உச்சி பிரிக்கிற கோட்டிலேயே ஒரு பெரிய நாளம் ஓடுகிறது. மூளையின் குருதி அதில் சேர்ந்து, பிடரியில் இரண்டாகப் பிரிந்து, கழுத்து நாளங்களுக்கு இறங்கும். மூளையைச் சுற்றியிருக்கிற தெளிந்த நீரும் அதற்குள்தான் வடிகிறது. மாரியில் கடலுக்குப் போகிற வாய்க்கால் அடைபட்டால் எங்கள் வளவுகளில் நடப்பதே இங்கும் நடக்கும். தேங்குவது பின்னுக்கு ஏறும். தலைக்குள் அமுக்கம் கூடும், மூளை வீங்கும், சிலருக்குச் சின்னக் குழாய்கள் கசிந்து குருதிப்பெருக்கும் வரும்.

இப்படி நாளம் அடைபடுகிற நோய் புதிதல்ல. 1825 இலேயே பிரான்சில் ரீப் என்ற மருத்துவர், கடும் தலையிடியும் வலிப்புமாக இறந்த 45 வயதுக்காரர் ஒருவரின் தலைக்குள் இதைக் கண்டு எழுதினார். எங்கள் பக்கங்களில் பிள்ளைப்பெறுகாரிகளின் நோயாகத்தான் இதை அதிகம் அறிந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பேற்றுக்குப் பிறகும் மூளைக் குருதிக்குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983 இல் எழுதினார். குருதி இலகுவில் உறைகிற அந்தக் கிழமைகளில் தண்ணியையும் குறைத்துப் பத்தியம் காக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு இதில் கோபமே வரும். சரக்குக்கறி வைக்கட்டும், தண்ணியை ஏன் மறிக்கவேண்டும்?

கொரோனா செய்தது, இந்த நோய் வரக்கூடியவர்களின் வட்டத்தைப் பெருப்பித்ததுதான். காய்ச்சலில் உடல் வற்றுகிறது, ஆள் படுத்தே கிடக்கிறார், குழாய்களின் உட்சுவர் அழற்சியால் புண்படுகிறது, உறைய வைக்கிற புரதங்கள் குருதியில் ஏறுகின்றன. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2021 ஏப்ரலில் ஒரு கணக்குச் சொன்னார்கள்: தொற்று உறுதியாகி இரண்டு கிழமைக்குள் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ 39 பேருக்கு மூளை நாளத்தில் குருதிக்கட்டி. அவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள்.

சேர் முதலில் பழக்கியது கேட்க. "தலையிடி" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக விடமாட்டார். படுத்தால் கூடுதோ, எழும்பினால் குறையுதோ? குனிஞ்சால், இருமினால்? விடியப்புறம் எழுப்புதோ? சத்தி? திரும்பும்போது ஒரு கணம் கண் இருட்டுதோ? பெண்களிடம் இன்னொன்றும் கேட்கவேண்டும். குருதி கட்டிபட இடங்கொடுக்கக்கூடிய கர்ப்பத்தடைக் குளிசையையோ, நல்லூர்த் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிவைக்கப் போடுகிற குளிசையையோ யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ?" என்றால் இல்லை என்றுதான் வரும். பெயர் சொல்லிக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

கேட்காமலே அறிகிறவர்களும் உண்டு. கடற்றொழில் செய்கிற ஒரு பெடியன், கொரோனா வந்து இரண்டாம் கிழமை, காய்ச்சல் விட்டும் தலையிடி விடவில்லை. இரவு வேலை பார்த்த மிஸ்ஸி காலையில் என்னிடம், "டொக்டர், அவன் ராத்திரி முழுக்கப் படுக்கேல்லை. சுவரிலை சாய்ஞ்சுதான் நித்திரை" என்றா. சேர் அதைக் கேட்டதும் ஒப்தல்மஸ்கோப்பை என் கையில் தந்தார்.

1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய கருவி. இன்றும் வேலை அதே வேலை. யன்னல் திரையை மூடி, ஆளைத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லவேண்டும். அவருடைய வலக்கண்ணுக்கு என் வலக்கண், இடக்கண்ணுக்கு இடக்கண். மாறினால் மூக்குகள் இடிபடும். கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து வரும்போது கண்மணி செம்மையாக ஒளிரும். அந்தச் செம்மையை விடாமல் உள்ளே போய், அகப்படுகிற ஏதாவது ஒரு குழாயைப் பிடித்து, அது தடிக்கிற திசையில் நகர்ந்தால் நரம்பு நுழைகிற வட்டம் வரும். தலைக்குள் அமுக்கம் கூடினால் ஊதுவது அந்த வட்டம்தான். இதை நாங்கள் ஓய்வறையில் ஒருவர் கண்ணில் ஒருவர் பார்த்துப் பழகினோம். வாட்டில் இறுக்கமான முகக்கவசம், வியர்வை, வில்லையில் புகார். "மூச்சைப் பிடி. ஒரு மூச்சுக்குள்ளை வட்டத்தைக் கண்டுபிடி. இல்லாட்டி வெளியிலை வந்து திரும்பப் போ" என்பது சேரின் முறை. அந்தப் பெடியனின் வட்டத்துக்குக் கரையே இல்லை. மங்கி, ஊதி, நாளங்கள் கறுத்துத் தடித்துச் சுருண்டு கிடந்தன.

ஸ்கானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மருந்து ஏற்றாமல் எடுக்கிற சீ.ரி. படம் இந்த நோயில் மூன்றில் ஒருவருக்குத்தான் நேரடியாக ஏதும் காட்டும். பிடரிப் பக்கத்தில் அந்தப் பெரிய நாளம் வெள்ளை முக்கோணமாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். "நோர்மல்" என்று அறிக்கை வந்தாலும் கண்ணுக்குள் அந்த வட்டம் வீங்கியிருந்தால் நாளங்களுக்கென்று தனிப்படம் கேட்கவேண்டும். கேட்டோம். உச்சிநாளத்தின் பின்பாதி அந்தப் படத்தில் இல்லை.

பிறகுதான் என் கைக்கு மிகக் கடினமான பாடம். மூளையில் கொஞ்சம் குருதி கசிந்தும் இருந்தது. சேரோ குருதி உறையாமல் தடுக்கிற ஹெப்பரின் ஊசி போடச் சொன்னார். கசிவுக்கே காரணம் அடைப்புத்தான், அடைப்பு இளகினால்தான் கசிவு நிற்கும். ஜேர்மனியில் ஐன்ஹொய்ப்ல் குழுவினர் 1991 இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தமே 20 பேர். ஹெப்பரின் பெற்ற பத்துப் பேரில் ஒருவரும் சாகவில்லை, மற்றப் பத்தில் மூவர் இறந்தனர். ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் ஊசியை எழுதும்போது பேனை தயங்கியது.

எழுதுமுன் ஒன்று பார்க்கவேண்டும்: குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை. யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைத்து அதை எப்படியும் பார்ப்போம். குறைந்திருந்தால் கதை வேறு. 2021 இல் இன்னொரு காரணமும் சேர்ந்தது. அஸ்ட்ராசெனகா வகைத் தடுப்பூசிக்குப் பிறகு அருமையாகச் சிலருக்கு வந்த கட்டிகளில் சிறுதட்டுகள் விழுந்திருந்தன; அவர்களுக்கு ஹெப்பரினைத் தவிர்க்கச் சொன்னார்கள். அந்த வகையான கொவிஷீல்ட் போட்ட ஆறு பேருக்குக் குருதி உறைந்ததாகவும் மூவர் இறந்ததாகவும் சுகாதார அமைச்சரே அந்த ஏப்ரலில் பாராளுமன்றத்தில் சொன்னார். மே கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஊசி வந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரே பேச்சு அதுதான். "பிள்ளை, ஊசி போட்டால் மண்டைக்குள்ளை ரத்தம் கட்டுமாமே?" வந்தது சினோபார்ம், வேறு வகை என்று விளக்கினேன். நோய் வந்தால் கட்டுகிற வாய்ப்பு இன்னும் கூட, மாமி, என்றும் சொன்னேன். மாமி ஊசி போட்டா; பக்கத்து வீட்டு ஐயா கடைசிவரை போடவேயில்லை.

பெடியன் வோபரின் குளிசையோடு வீட்டுக்குப் போனான். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் குருதி உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்த்து அளவை மாற்றுவோம். கீரைவகை அந்தக் குளிசையின் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அடுத்தமுறை தாயும் கூட வந்தா. அவனைப் பேசவிடாமல் தானே கேட்டா:

"டொக்டர் பிள்ளை, முருக்கங்கீரை போட்ட ஒடியல் கூழ் குடிக்கலாமோ? ஞாயிற்றுக்கிழமையெண்டால் இவன் அதில்லாமல் இருக்கமாட்டான்."

"ஞாயிறு ஞாயிறு குடிக்கிறவரெண்டால் அப்பிடியே குடிக்கட்டும் அம்மா. ஒரு கிழமை சட்டி நிறைய, அடுத்த கிழமை ஒண்டுமில்லை எண்டு மட்டும் வேண்டாம்."

"அப்ப கடலுக்கு?"

"அதுக்குச் சேரைக் கேட்பம்" என்று கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.