ஹாரன் அடிக்காதே!

யெல்லோஸ்டோனுக்குப் பெரும்பாலோர் கோடையில்தான் போவார்கள். நாங்கள் போனது ஜனவரியில்! "ஏங்க, ஃப்ரிட்ஜுக்குள்ளே குடித்தனம் பண்ணவா இவ்வளவு செலவு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. 1933-ல் இங்கே மைனஸ் 54 டிகிரி வரை இறங்கியிருக்கிறது!

1872-ல் உருவான, உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பேர் வாங்கிய இடம். குளிர்காலத்தில் வடக்குப் பக்கத்துச் சாலை ஒன்றைத் தவிர மற்ற எதிலும் கார் போகாது. குண்டு டயர் மாட்டிய பனி வேன்தான் கதி.

அங்கேயும் டிராஃபிக் ஜாம்! ரோட்டை அடைத்துக்கொண்டு, ஆடி அசைந்து ஒரு காட்டெருமைக் கூட்டம்.

"ஹாரன் அடிக்கச் சொல்லுப்பா!" என்றாள் மகள்.

டிரைவர் எஞ்சினையே நிறுத்திவிட்டார். ஏனாம்? தலையாலேயே பனியை ஒதுக்கி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லைத் தின்கிற ஜீவன்கள். அதில் சத்து கம்மி. கோடையில் சேர்த்த கொழுப்புதான் பாங்க் பாலன்ஸ். மிரட்டி ஆழமான பனியில் ஓடவிட்டால் அது மளமளவென்று கரையும். வசந்தம் வருவதற்குள் தீர்ந்துபோனால், உயிர் போச்சு!

வேனுக்குள் கப்சிப். முகமெல்லாம் பனி அப்பிய தாயும், பின்னாலேயே கன்றும் ஜன்னலை ஒட்டி நடந்தன. "மெதுவாப் போ... அவசரமில்லே" என்று கிசுகிசுத்தாள் மகள்.

'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' வெந்நீர் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நூறு அடிக்கு மேல் பீய்ச்சிவிட்டு அது ஓய்ந்திருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஊற்று மறுபடி பொங்கிவிடும். போன உயிர் வருமா, சார்?