நெகடிவ் இல்லாத படம்

உடனடிக் காமிராவை அதன் வேகத்துக்காக மட்டுமே மக்கள் விரும்பினார்கள் என்றால் அது இந்நேரம் செத்துப்போயிருக்க வேண்டும். இன்று கையிலுள்ள போனைத் தொட்ட கணமே படம் தெரிகிறது. போலராய்ட் பத்து நிமிஷம் கேட்கிறது. பூஜியின் சின்னத் தாளுக்குக்கூட ஒன்றரை நிமிஷம் வேண்டும். ஒரு தாளின் விலையில் திருச்சி பெரிய கடை வீதியில் இரண்டு பேர் காப்பி குடித்துவிட்டு வரலாம். இருந்தும் விற்கிறது. உறையூரிலும் தில்லை நகரிலும் நடக்கிற கல்யாணங்களில் விருந்தாளிகளை இப்படிப் படமெடுத்து, ஒரு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆகவே இதன் வசீகரம் வேகத்தில் இல்லை. வேறு எதில் என்று யோசித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

தோற்றக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1943ல் அமெரிக்காவின் சான்டா பே நகரில் எட்வின் லாண்ட் தன் மூன்று வயதுப் பெண்ணைப் போட்டோ எடுத்தார். ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று குழந்தை கேட்டது. 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில், விஞ்ஞானிகள் முன்னிலையில், தன் முகத்தையே எடுத்துத் தாளை உரித்துக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் முதல் காமிரா விற்பனைக்கு வந்தது. 1972ல் வந்த எஸ்எக்ஸ்-70 தான் இன்று நாம் நினைக்கிற உருவம்: வெள்ளை விளிம்போடு தாள் வெளியே வந்து, வெளிச்சத்திலேயே, கண்ணெதிரிலேயே படமாகும். 2008ல் கம்பெனி பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே ஊரில் மூடப்பட்ட ஆலையின் யந்திரங்களைச் சிலர் காப்பாற்றி, 2010ல் மறுபடி பிலிம் கொண்டுவந்தார்கள். பழைய ரசாயனங்கள் பல கிடைக்காததால் கலவையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லாபத்துக்காக மட்டும் மனிதர்கள் இவ்வளவு பாடுபடுவதில்லை.

தாளின் அடி விளிம்பில் ஒரு சின்னப் பையில் ரசாயனக் களி இருக்கிறது. தாள் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் பையை நசுக்கிக் களியைப் பரப்புகின்றன. வெளிச்சம் பட்ட இடத்துச் சாயம் அங்கேயே தங்கிவிடுகிறது; படாத இடத்துச் சாயம் மேலேறி வந்து படமாகிறது. நெகடிவும் படமும் ஒரே தாளுக்குள் ஒட்டிப் பிறந்து அப்படியே இருந்துவிடுகின்றன. இன்னொரு பிரதி கிடையாது. ஸ்ரீரங்கத்துப் பாஷையில் சொன்னால், மற்ற போட்டோக்களில் நெகடிவ் மூலவர், பிரிண்ட் உற்சவர். ஒருவர் இருட்டில் இருக்கிறார். மற்றவர் வீதிக்கு வருகிறார். போலராய்டில் மூலவரும் உற்சவரும் ஒருவரே.

ஒரு நெகடிவிலிருந்து எத்தனையோ பிரிண்ட் போடலாம், அதில் அசல் எது என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று 1930களில் வால்ட்டர் பெஞ்சமின் வாதாடினார். அவர் 1940ல் இறந்தார். எட்டு வருஷம் கழித்து, அசல் மட்டுமே உள்ள போட்டோ கடைக்கு வந்தது. ரோலான் பார்த், 1980ல் வெளியான போட்டோ பற்றிய தன் புத்தகத்தின் முகப்பில் தானியல் பூதினே எடுத்த ஒரு போலராய்டை வைத்தார். திரை மூடிய அறை. புத்தகத்தில் வர்ணப் படம் அது ஒன்றுதான். உள்ளே அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

திருச்சியில் காமிராவின் பழைய சுவடுகளில் ஒன்று லின்னேயஸ் டிரைப். ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்தவர். 1858ல் வெளியான அவருடைய தொகுப்புகளில் திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று. மெழுகு ஏற்றிய காகித நெகடிவில் எடுத்தவை. கல்லும் கோபுரமும் தூணும் அசாத்தியத் தெளிவோடு நிற்கின்றன. ஜனங்கள் அநேகமாக இல்லை. அசைகிற எதையும் அந்த மெதுவான காகிதம் வாங்கிக்கொள்ளாது. படங்கள் ஆல்பங்களாகி அதிகாரிகளிடமும் லண்டனுக்கும் போயின. அந்த வருஷம் ஸ்ரீரங்கத்து வீதியில் நடந்துபோனவர் தன் வீதியைப் படத்தில் பார்த்திருக்க நியாயமில்லை. போட்டோவின் சரித்திரத்தில் பெரும்பகுதி இப்படித்தான்: எடுத்தவன் கையோடு போய்விடுகிற படம். உடனடிக் காமிரா இதைத் திருப்பிப் போட்டது. படம், எடுக்கப்பட்டவர் கைக்கு வந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1984ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு போலராய்டும் ஒரு பெட்டி பிலிமும் கொண்டுவந்தார். பெட்டியில் பத்துத் தாள். காமிராவுக்கான பாட்டரியும் அதற்குள்ளேயே இருந்தது. பத்தும் தீர்ந்தால் காமிரா ஊமை. எங்களுக்குத் தெரிந்த கடை எதிலும் அந்தப் பிலிம் இல்லை. ஆகவே யார் யாருக்குத் தாள் என்று வீட்டில் கணக்குப் போட்டார்கள். அத்தை அந்தக் கணக்கில் இல்லை. இருபத்து மூன்று வயதில் கணவனை இழந்து சித்திரை வீதி வீட்டுக்குத் திரும்பியவள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண குரூப் போட்டோவிலும் அவள் நின்றதில்லை. நிற்கச் சொன்னவர்களும் இல்லை.

ஒன்பது தாள் முடிந்தபின் சித்தப்பா கொல்லைப்புறம் போய், "அக்கா, சித்த இப்படித் திரும்பு" என்றார். துளசி பறித்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். சத்தத்தோடு தாள் வந்தது. அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். வெளிறிப்போய், ஒன்றுமில்லாமல் இருந்தது. நாங்கள் சுற்றி நின்றோம். முதலில் கிணற்றுச் சுவர் வந்தது, பிறகு புடவை, கடைசியில் முகம். "யாரோ வராளே" என்றாள் அத்தை. கண்ணாடி முன்னால் நின்று அவளை நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் யாரிடமும் தரவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வேண்டாமென்றால் அவள் கிழித்துப் போட்டிருக்கலாம். உலகத்தில் அந்தப் படமே இல்லாமல் போயிருக்கும். அவள் முடிவுக்கு விடப்பட்ட விஷயங்கள் வாழ்க்கையில் மிகக் குறைவு. இது ஒன்று.

1991ல் அவள் இறந்தபின், சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்றார்கள். ஒரு ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் படமெடுத்து, பெரிதாக்கி, பெரிதாக்கியதில் கரைந்துபோன கண்களைத் தூரிகையால் எழுதிக் கொடுத்தார்கள். கூடத்தில் மாலை போட்டிருப்பது அந்தக் கண்களுக்கு. வருகிறவர்கள், "அப்படியே இருக்கா" என்கிறார்கள்.

கோயிலொழுகில் வருகிற கதை ஒன்று. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் ஸ்ரீரங்கத்தை விட்டு வெளியேறிய உற்சவர், பல ஊர் அலைந்து 1371ல் திரும்பினார். இடையில் வேறொரு விக்கிரகம் பூஜையில் இருந்தது. எது பழையது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. பெருமாளின் வஸ்திரங்களை வெளுத்துப் பழகிய, கண் தெரியாத கிழவர் ஒருவர், இருவருக்கும் திருமஞ்சனம் செய்த ஈரத் துணியின் தீர்த்தத்தைப் பருகிப் பார்த்து, இவர்தான் என்றார். நம்பெருமாள் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். உருவ ஒற்றுமை அங்கே சாட்சியாகவில்லை. தொட்டுப் பழகிய ஈரம் சாட்சியாயிற்று. ஸ்டுடியோ படம் அத்தையைப் போல இருக்கிறது. போலராய்ட், அத்தை முகத்தில் பட்ட வெயில் நேராக வந்து விழுந்த தாள். அவள் விரல் பட்ட தாள்.

இதைப் புனிதப்படுத்திவிடவும் கூடாது. இதே கம்பெனியின் சாதனங்கள், தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் சுமந்தாக வேண்டியிருந்த பாஸ் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்பட்டன. 1970ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் கறுப்பினத் தொழிலாளர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். 1977ல்தான் கம்பெனி அந்த நாட்டு வியாபாரத்தை விட்டது. அங்கேயும் படம் உடனே வந்தது. அங்கேயும் எடுக்கப்பட்டவரிடம்தான் இருந்தது. ஆனால் அவர் கிழிக்க முடியாத படம் அது. ஆக, உடனடி என்பதோ ஒற்றைப் பிரதி என்பதோ தன்னளவில் விடுதலை இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் படத்தோடு சேர்ந்து கைமாறுகிறதா என்பதே கேள்வி.

போன் படம் இந்தக் கேள்விக்கு இடமே தருவதில்லை. அனுப்பிய பிறகு அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது எடுத்தவருக்கே தெரியாது. கிழிப்பதற்கு அசல் என்று ஒன்றில்லை. யாரும் விளக்காமலே இது இளைஞர்களுக்குப் புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பூஜி 1998ல் கொண்டுவந்த வகைக் காமிராவோடு கல்லூரிப் பெண்களை அம்மா மண்டபப் படிக்கட்டில் பார்க்கிறேன். எடுத்த தாளைத் தோழியிடம் கொடுத்துவிடுகிறார்கள். தன்னிடம் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் கொடுப்பது. அதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

அத்தையின் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. மஞ்சள் ஏறிவிட்டது. முழுக்கப் போவதற்குள் ஸ்கேன் செய்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்கிறாள் என் பெண். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அத்தை பூட்டி வைத்த படம். அவளைக் கேட்க வழியில்லை. இதுவரை நான் சம்மதிக்கவில்லை.